ஆப்பெழுத்தைத் திறந்த பள்ளி ஆசிரியர்

ஐயா,

பழைய மேற்காசியாவின் ஆப்பு வடிவ எழுத்தான ஆப்பெழுத்து (கியூனிஃபார்ம்) எப்படி வாசிக்கப்பட்டது என்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையில் ஆங்கிலேய ஆய்வாளர் ராலின்சன் மட்டுமே இடம்பெற்றிருந்தார். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரப் பள்ளி ஆசிரியரும் லத்தீன் அறிஞருமான கேயார்க் கிரோட்டஃபெண்டை விட்டது பெரும் குறை. 1802இல், 27 வயதில், முதல் பூட்டைத் திறந்தவர் அவர்தான்.

பழைய பாரசீகத் தலைநகரான பெர்செபோலிஸில் பயணி நீபூர் பிரதியெடுத்த இரண்டு பழம்பாரசீக மொழிக் கல்வெட்டுகளை அருகருகே வைத்தார். 'இன்னார், பேரரசன், மன்னர் மன்னன், இன்னாரின் மகன்' என்ற அமைப்பு இருக்கும் என்று கணித்தார். ஒன்றில் மகனாக வந்த பெயர் மற்றொன்றில் தந்தையாக வந்தது. தாத்தாவுக்கோ அரசப் பட்டமே இல்லை. கிரேக்கர் எழுதிய பாரசீக மன்னர் வரலாற்றில் இதற்குப் பொருந்தும் தாத்தா, தந்தை, மகன் வரிசை ஹிஸ்டாஸ்பஸ், டேரியஸ், செர்க்ஸஸ். இன்னொரு பாரசீக மன்னரான சைரஸின் வரிசை பொருந்தாது; அவருடைய தந்தை, மகன் இருவரின் பெயருமே காம்பைசஸ். கல்வெட்டில் அப்படி ஒரே பெயர் திரும்ப வரவில்லை.

டேரியஸ் பெயரின் ஏழு குறிகளை த-ஆ-ர-ஹ-எ-உ-ஷ் என்று படித்தார். சரியான வாசிப்பு த-ஆ-ர-ய-வ-உ-ஷ. சறுக்கியது எங்கே? ஒவ்வொரு குறியையும் தனி எழுத்தாகக் கொண்டார். பழம்பாரசீகத்திலோ நம் க, த போலப் பெரும்பாலான மெய்க்குறிகளோடு அகரமும் ஒட்டியே நிற்கும். இதனாலும் பெயர்களைத் தாண்டி அவரால் அதிகம் நகர முடியவில்லை.

கோட்டிங்கன் அறிவியல் கழகம் அவர் ஆய்வை முழுமையாக அச்சிடவில்லை. 1805இல் வரலாற்று அறிஞர் ஹேரனின் நூலில் பின்னிணைப்பாகத்தான் வெளிவந்தது. அடுத்த கட்டுரையிலாவது அவர் பெயரைச் சேர்க்க வேண்டுகிறேன்.

வாசகர், திருச்சி