நடனக் குழுவின் வழிச்செலவுக்குக் கைகொடுங்கள்

அன்பார்ந்த ஊராரே,

வரும் இலையுதிர் காலத்தில் ஒரு பரதநாட்டியக் குழு நம் ஊர் அரங்கில் ஆட வேண்டும். தாளம் தட்டி ஆட்டத்தை நடத்தும் நட்டுவாங்கமும், மிருதங்கமும் மேடையிலேயே நேரில் ஒலிக்க வேண்டும். இதற்காக வழிச்செலவு நிதி ஒன்றைத் திரட்டுகிறோம்.

1965 முதல் அமெரிக்காவில் கலைக்குக் கைகொடுத்துவந்த அரசு அமைப்பான தேசியக் கலை நிதியம், 2025 மே 2 அன்று மாலை நூற்றுக்கணக்கான அமைப்புகளுக்கு மின்னஞ்சல் அனுப்பி, ஒப்புக்கொண்ட மானியங்களையே ரத்து செய்தது. அந்த நிதியத்தையே மூடிவிடும் யோசனையையும் அதே நாளில் வெள்ளை மாளிகை முன்வைத்தது.

நிலையான அரங்கம் உள்ளவர்கள் எப்படியோ சமாளிப்பார்கள். ஊர் ஊராகப் போய் ஆடுகிறவர்களுக்கு அது முடியாது. விமான டிக்கெட், வேன் வாடகை, தங்கும் விடுதி, சாப்பாட்டுப் படி எல்லாவற்றையும் அடுத்தடுத்து ஆடும் மூன்று நான்கு ஊர்கள்தான் பங்கிட்டுக்கொள்கின்றன. கொலம்பஸ், இண்டியானாபோலிஸ், சிகாகோ என்று போகிற பாதையில் ஓர் ஊர் பணமில்லாமல் விலகினால், அதன் பங்கு மற்ற ஊர்களின் தலையில் விழும். பாரம் தாங்காமல் இன்னோர் ஊரும் விலகும். அதோடு பயணமே நின்றுபோகும். ஆடும் வாரங்களுக்கு மட்டுமே சம்பளம் பெறும் கலைஞர்கள் வெறுங்கையோடு வீட்டில் இருப்பார்கள்.

பயணம் நிற்காவிட்டாலும் செலவைக் குறைக்கிறோம் என்று முதலில் கழித்துவிடுவது பக்கவாத்தியக்காரர்களைத்தான். இது எங்களை மிகவும் வருத்துகிறது. நடனமணியின் கண்ணசைவைப் பார்த்துத் தாளத்தை இழுத்துப்பிடிக்கும் நட்டுவனாரைப் பதிவுசெய்த இசையில் எங்கே தேடுவது? இங்கே நடனம் பயிலும் நம் பிள்ளைகளில் பலர் அந்த உறவை ஒருமுறைகூட நேரில் கண்டதில்லை. அடுத்து வெட்டப்படுவது அரசுப் பள்ளிகளில் நடக்கும் இலவசப் பயிற்சி வகுப்பு. அதையும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

எங்கள் இலக்கு 18,000 டாலர். 50 டாலர் தந்தால் ஒரு கலைஞரின் ஒரு நாள் சாப்பாட்டுப் படி ஆகும். பணமாகத் தர இயலாதவர்கள் வாத்தியக் கலைஞர்களுக்கு வீட்டில் அறை தரலாம். விடுதிச் செலவு மிச்சமாகும். ஜூலை மாத இறுதிக்குள் உறுதி சொல்லிவிட்டால், நம் ஊரை நம்பி மற்ற ஊர்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்.

நன்கொடையைக் குழுப் பொருளாளரிடம் காசோலையாகக் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வரவுசெலவு முழுவதையும் நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பயணம் கைவிடப்பட்டால் பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்.

இப்படிக்கு,
நிதிக் குழுவினர்