கன்வெர்ட்டரிலும் சேஸிஸ் நம்பரைப் பொறியுங்கள்: கார் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கார் தயாரிக்கும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் விற்கும் வண்டிகளின் அடிவயிற்றிலிருந்து, புகையின் நச்சைக் குறைக்கும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போவதைச் சிலர் முழுநேரத் தொழிலாகவே வைத்திருக்கிறார்கள், அதைத் தடுக்கும் பொறுப்பையோ வண்டி வாங்கியவர் தலையில் கட்டிவிட்டு நீங்கள் ஒதுங்கி நிற்கிறீர்கள். வெளிச்சத்தில் நிறுத்துங்கள், கேமரா வையுங்கள், தகடு வாங்கி மாட்டுங்கள் என்று அறிவுரைக்கு மட்டும் குறைவில்லை. அவற்றில் பல சரியானவைதான், நானே கீழே எழுதப்போகிறேன். ஆனால் தொழிற்சாலையிலேயே நீங்கள் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

என் தங்கையிடம் கொஞ்சம் பழைய ஹைப்ரிட் கார் ஒன்று இருக்கிறது. ஒருநாள் காலையில் போன் செய்து, "அண்ணா, வண்டி டிராக்டர் மாதிரி சத்தம் போடுது" என்றாள். குனிந்து பார்த்தால், புகைக்குழாய் நடுவில் துண்டாகிக் கிடக்கிறது, இரண்டு பக்கமும் வெட்டிய இடம் மட்டும் பளபளவென்று மின்னுகிறது, ஆக்சிஜன் சென்சரின் ஒயர் அறுந்து தொங்குகிறது. சர்வீஸ் சென்டரில் சொன்னது ஒரே வரி: "இன்சூரன்ஸ்ல க்ளெய்ம் பண்ணிக்கோங்க, பார்ட் வர நாளாகும்." அந்தப் பார்ட் ஏன் இவ்வளவு சுலபமாகப் போகிறது என்று கேட்டதற்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. பதில் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற மற்ற கார்க்காரர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காத எஃகு உறைக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பீங்கான் கட்டி, அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு, இதுதான் கன்வெர்ட்டர். எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, எரியாமல் மிஞ்சிய பெட்ரோல், நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் அதைக் கடக்கும்போது பெருமளவு தீங்கு குறைந்து வெளியேறுகின்றன. அமெரிக்காவில் 1975 மாடல் கார்களிலிருந்து பரவலாக வந்தது, ஐரோப்பாவில் 1993 முதல் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயம். நல்ல கண்டுபிடிப்பு, அதில் மாற்றுக்கருத்து இல்லை.

சிக்கல் அந்த உலோகங்களின் விலையில் இருக்கிறது. உலகத்து ரோடியத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தென்னாப்பிரிக்காவில் இருந்தும், பல்லேடியத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு ரஷ்யாவில் இருந்தும் வருகிறது. அங்கே ஒரு சுரங்கம் நின்றால் போதும், விலை எகிறிவிடும். 2021-ல் ரோடியம் ஒரு ட்ராய் அவுன்ஸ், அதாவது 31 கிராமுக்குச் சற்று மேல், 29,000 டாலரைத் தாண்டியது. அப்போதைய தங்க விலையைப் போலப் பதினைந்து மடங்குக்கும் அதிகம். அமெரிக்காவின் இன்சூரன்ஸ் குற்றங்களைக் கவனிக்கும் என்.ஐ.சி.பி. அமைப்பின் கணக்கில், 2018-ல் சுமார் 1,300 ஆக இருந்த கன்வெர்ட்டர் திருட்டு க்ளெய்ம்கள் 2021-ல் 52,000-ஐத் தாண்டின. பிறகு உலோக விலை சரிந்தது, திருட்டும் தணிந்தது. மறுபடி விலை ஏறினால் மறுபடி ரம்பத்தோடு வருவார்கள். உலோகச் சந்தை இறங்கட்டும் என்று காத்திருப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க முடியாது.

இப்போது என் கேள்வி. ஒரு காரில் சேஸிஸ் நம்பர் எங்கெல்லாம் இருக்கிறது? கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது, கதவுச் சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1984-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு, அதிகம் திருடுபோகும் மாடல்களில் எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு, பம்பர், பானெட் என்று முக்கியப் பாகங்களிலும் அடையாள எண் போட வேண்டும் என்று விதி வந்தது, நீங்களும் போட்டீர்கள். திருடிப் பிரித்து விற்கும் கும்பல்களை மனதில் வைத்துத்தான் அந்தச் சட்டமே வந்தது. அந்தப் பட்டியலில் கன்வெர்ட்டர் இல்லை. பம்பருக்கு எண் உண்டு, பிளாட்டினம் இருக்கிற பாகத்துக்கு இல்லை.

இன்னொன்று எனக்கு நிஜமாகவே ஆத்திரத்தை வரவழைக்கிறது. கன்வெர்ட்டரின் உறையில் நீங்கள் ஒரு குறியீட்டைப் பொறிக்கத்தான் செய்கிறீர்கள். அது எந்த மாடலுக்கான பாகம் என்று சொல்லும் குறியீடு. பழைய கன்வெர்ட்டரை வாங்குகிறவர்கள் அந்தக் குறியீட்டை வைத்துத்தான் விலை பேசுகிறார்கள். குறியீட்டைத் தட்டினால் இன்றைய விலை என்ன என்று காட்டும் பட்டியல்கள் போனிலேயே கிடைக்கின்றன. ஆக, இது எவ்வளவு பெறும் என்பதை உறையைப் பார்த்தே சொல்லிவிடலாம், இது யாருடைய வண்டியிலிருந்து வந்தது என்பதைச் சொல்ல முடியாது. போலீஸ் ஒரு கிடங்கில் நூற்றுக்கணக்கான கன்வெர்ட்டர்களைப் பிடித்தாலும், ஒவ்வொன்றும் எந்த வண்டியுடையது என்று நிரூபிக்க வழியில்லாமல் வழக்கு தள்ளாடுவது இதனால்தான்.

இதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். சூட்டில் எண் அழிந்துவிடும் என்பீர்கள். உள்ளே பல நூறு டிகிரி சூடு உண்டு, சரி, ஆனால் அந்த மாடல் குறியீடு மட்டும் எப்படி வருடக்கணக்கில் அழியாமல் இருக்கிறது? திருடன் எண்ணைச் சுரண்டிவிடுவான் என்பீர்கள். சுரண்டட்டும், எண் சுரண்டிய கன்வெர்ட்டரை வைத்திருப்பதே குற்றம் என்று சட்டம் வந்தால் வாங்குகிறவன் தயங்குவான். உறையை உடைத்துப் பீங்கானைப் பொடியாக்கிவிட்டால் எந்த எண்ணும் மிஞ்சாது என்பீர்கள். அது உண்மைதான். அதனால்தான் எண் பொறிப்பதோடு, முதல் கைமாறுகிற இடத்திலேயே, அதாவது காயலான் கடையிலேயே, பிடி விழ வேண்டும். அறுத்துக்கொண்டு வருகிறவன் பீங்கானைச் சுத்திகரித்து உலோகம் பிரிப்பதில்லை, முழுசாகத்தான் கொண்டுபோய் விற்கிறான்.

அந்தப் பக்கம் சில அரசுகள் வேலையைத் தொடங்கிவிட்டன. பிரிட்டனின் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழைய உலோகத்துக்கு ரொக்கம் கொடுக்கக் கூடாது, விற்பவரின் அடையாளத்தைச் சரிபார்த்துப் பதிவு வைக்க வேண்டும். கலிபோர்னியா 2022-ல், கன்வெர்ட்டரை வண்டி உரிமையாளரிடமோ உரிமம் உள்ள தொழில் நிறுவனங்களிடமோ மட்டுமே வாங்க வேண்டும் என்று சொன்னது. இன்னொரு அமெரிக்க மாநிலமான மினசோட்டா 2023-ல், எந்த வண்டியுடையது என்ற அடையாளம் இல்லாத பழைய கன்வெர்ட்டரை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இந்தச் சட்டங்களுக்குப் பல் முளைக்க வேண்டுமென்றால் பாகத்தில் எண் இருக்க வேண்டும், அதை முதலிலேயே போட உங்களால்தான் முடியும்.

சரி, நீங்கள் மனம் வைக்கும்வரை சாலையில் ஓடிக்கொண்டிருக்கிற வண்டிகளை என்ன செய்வது? இதை நீங்களே உங்கள் வாடிக்கையாளர்களிடம் விளக்கியிருக்க வேண்டும்.

முதலில், எந்த வண்டிக்கு ஆபத்து அதிகம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஹைப்ரிட் கார்களில் எஞ்சின் விட்டுவிட்டு ஓடுவதால் கன்வெர்ட்டர் அவ்வளவாகத் தேய்வதில்லை, உலோகம் நிறைய மிச்சமிருக்கும். இரண்டாம் தலைமுறை டொயோட்டா ப்ரியஸைத் திருடர்கள் தேடித்தேடி அறுத்தது அதனால்தான். உயரமான எஸ்யூவி, பிக்கப், வேன் என்றால் ஜாக்கியே தேவையில்லை, படுத்தபடி நுழைந்துவிடலாம். பேட்டரி ரம்பம் கையில் இருந்தால் ஒன்றிரண்டு நிமிட வேலை. கன்வெர்ட்டர் எஞ்சினை ஒட்டியே பொருத்தப்பட்ட கார்களில் கை நுழைவதே கஷ்டம், அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். முழு மின்சாரக் காரில் இந்தப் பாகமே கிடையாது.

கராஜ் இருந்தால் உள்ளே விடுவதுதான் எல்லாவற்றிலும் நல்லது. இல்லாவிட்டால் கன்வெர்ட்டர் இருக்கும் பக்கம் சுவரை ஒட்டி வரும்படி நிறுத்தலாம். இரண்டு சக்கரத்தை நடைபாதை மேல் ஏற்றி நிறுத்துவது கூடாது, ஜாக்கி வைக்கிற வேலையை நாமே செய்துகொடுத்ததாக ஆகிவிடும். நிறைய வண்டி வைத்திருப்பவர்கள் உயரமான வண்டிகளை நடுவில் விட்டுச் சுற்றிலும் தாழ்வானவற்றை நெருக்கி நிறுத்தலாம்.

அப்புறம் தகடு. அடியில் அலுமினியம் அல்லது எஃகுத் தகடு போட்டு, சாதாரண ஸ்பேனரில் கழலாத திருகுகளால் முடுக்குவது ஒரு முறை. கன்வெர்ட்டரைச் சுற்றி எஃகு வடங்களைக் கூண்டு போலப் பின்னுவது இன்னொன்று. இரண்டையுமே அறுக்கலாம், ஆனால் நேரமும் சத்தமும் கூடும், அவ்வளவு நேரம் அங்கே படுத்திருக்கத் திருடன் விரும்பமாட்டான். பக்கத்துப் பட்டறையில் கம்பியை வெல்டிங் வைத்துத் தரச் சொல்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: கன்வெர்ட்டர் உடம்பிலேயே வெல்டிங் வைத்தால் உள்ளே பீங்கான் விரிசல் விடலாம், பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வைத்தால் மின்னணுப் பாகங்களும் போகலாம். தெரிந்த மெக்கானிக் கையில்தான் இது நடக்க வேண்டும்.

அலாரத்திலும் கவனம் தேவை. வண்டி சாய்வதை உணரும் சென்சர், ஜாக்கி போட்டுத் தூக்கினால்தான் கத்தும். ஜாக்கியே தேவைப்படாத உயரமான வண்டிக்கு அதிர்வை உணரும் சென்சர் வேண்டும். இந்த வித்தியாசத்தை ஷோரூமில் யாரும் சொல்வதாகத் தெரியவில்லை. சேஸிஸ் நம்பரை உறையில் நாமே பொறித்துக்கொண்டு, அதன்மேல் சூடு தாங்கும் பளிச் நிறப் பெயிண்ட் அடிப்பதும் பயனுள்ளதுதான்.

திருடனை நேரில் பார்த்துவிட்டால் மட்டும் கிட்டே போக வேண்டாம். 2022-ல் டெக்சஸில், பணி நேரம் முடிந்து கடைக்கு வந்த ஒரு காவல் அதிகாரி, தன் வண்டியிலிருந்து கன்வெர்ட்டரை அறுத்தவர்களைத் தடுக்கப்போய்ச் சுட்டுக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்றவருக்கே அந்த நிலை. உள்ளேயிருந்தபடி போலீஸை அழையுங்கள். களவு போன பிறகு அந்த வண்டியை ஓட்டவும் வேண்டாம். புகை இருக்கைக்குக் கீழேயே வெளியாகும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம், சில சமயம் எரிபொருள் குழாயிலும் ரம்பம் பட்டிருக்கும். கட்டி இழுத்துப் போவதுதான் சரி.

இப்படி இத்தனையையும் வண்டிக்காரர் செய்கிறார், கைக்காசைப் போட்டுச் செய்கிறார். செய்யாமல் விட்டவர் புது அசல் பாகத்துக்குப் பணம் கட்டுகிறார், வண்டி பழையது என்றால் செலவு அதன் மதிப்பையே தாண்டுவதால் இன்சூரன்ஸ்காரர் 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுகிறார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் ஒரு குழாய்த் துண்டுக்காகக் காயலான் கடைக்குப் போகிறது. அதற்குப் பிறகு பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர் உங்கள் வாடிக்கையாளர்தான்.

ஆகவே கேட்கிறேன். இனி தொழிற்சாலையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு கன்வெர்ட்டரிலும் சேஸிஸ் நம்பரைப் பொறியுங்கள், சட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புது மாடல் வரைபடத்திலேயே கன்வெர்ட்டரை எஞ்சினுக்குப் பக்கத்தில் வையுங்கள், முடியாத இடத்தில் பாதுகாப்புத் தகட்டைத் துணைக்கருவி என்று தனி விலைக்கு விற்காமல் வண்டியோடு சேர்த்தே கொடுங்கள். ஏற்கெனவே பறிகொடுத்தவர்களுக்கு அசல் பாகத்தை லாபம் வைக்காமல் கொடுங்கள், புதிதாக மாட்டிய பாகத்துக்காகத் திருடன் திரும்பி வருவது உண்டு என்பதால் அதை எண் பொறித்து, தகடு போட்டே அனுப்புங்கள். பழைய வண்டிகளுக்கு, அடுத்த முறை சர்வீஸுக்கு லிஃப்டில் ஏற்றும்போது எண்ணைப் பொறித்துவிடலாம். எண்ணெய் வடிகிற நேரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அண்ணன்