பலகையில் தொங்கும் முகவரி: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பனின் பதிவுத் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மூன்று சாட்சிகள் வேண்டும். அதில் நான் ஒருவன். கையெழுத்துப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்துக்கு வந்து சேர அவர்கள் இருவரும் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தேன். அதனால்தான் இந்த மடல்.

அவன் இந்து, அவள் முஸ்லிம். மதம் மாற இருவருக்குமே விருப்பமில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் 1954-இல் இந்தச் சட்டம் வந்தது. அது கேட்பதும் அதிகமில்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். யாருக்கும் உயிரோடு வாழ்க்கைத்துணை இருக்கக்கூடாது. புரிந்து சம்மதிக்கும் மனநிலை வேண்டும். தடைசெய்யப்பட்ட உறவுமுறையாக இருக்கக்கூடாது. (அந்த உறவுப் பட்டியலில் அத்தை மகளும் மாமன் மகளும்கூட உண்டு! நல்லவேளை, வழக்கம் அனுமதித்தால் செய்துகொள்ளலாம் என்று ஒரு விலக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் நம் ஊரில் பாதிப் பேர் மாட்டியிருப்போம்.) பெற்றோர் சம்மதம் என்ற சொல்லே அந்த நிபந்தனைகளில் கிடையாது. ஆனால் நாங்கள் போன அலுவலகத்தில் முதல் கேள்வியே, "அப்பா அம்மா வரலையா?" என்பதுதான்.

சரி, அதைச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது அறிவிப்பு. இருவரில் ஒருவராவது 30 நாட்கள் குடியிருந்த மாவட்டத்தில் மனுக் கொடுக்க வேண்டும். அதில் பெயர், வயது, தொழில், இப்போது இருக்கும் முகவரி, நிரந்தர முகவரி எல்லாம் இருக்கும். அதன் நகலை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்கிறது 6-ஆம் பிரிவு. சொந்த ஊர் வேறு மாவட்டம் என்றால் அங்குள்ள அலுவலருக்கும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். அதாவது யாருக்குத் தெரியக்கூடாது என்று ஊரைவிட்டு வந்தார்களோ, அவர்கள் தெருவுக்கே செய்தி போய்ச் சேரும். பிறகு 30 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

என் நண்பர்கள் விஷயத்தில் இரண்டாவது வாரமே யாரோ அந்தத் தாளை செல்போனில் படம் எடுத்துவிட்டார்கள். அவளுடைய சித்தப்பாவின் வாட்ஸ்அப்புக்கு அது வந்தது. சட்டப்படி ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. வரவும் முடியாது, ஏனென்றால் மேலே சொன்ன நிபந்தனைகளை மீறினால் மட்டுமே ஆட்சேபிக்க முடியும். சாதி, மதம், மானம் எதுவும் காரணமாகாது. ஆனால் வீடு தேடி வருகிறவர்கள் சட்டப் பிரிவைப் பார்த்துவிட்டா வருகிறார்கள்? மீதி நாட்களில் இருவரும் மூன்று வீடு மாறினார்கள். ஆணவக்கொலைச் செய்திகளைப் படிக்கும் மாநிலத்தில், ஒளிந்திருக்கும் இருவரின் விலாசத்தை அரசாங்கமே சுவரில் ஒட்டுவது எந்த ஊர் நியாயம்?

அலுவலக வாசலில் ஒரு பத்திர எழுத்தர் அன்போடுதான் சொன்னார்: "யாராவது ஒருத்தர் மாறிடுங்க தம்பி, சீக்கிரம் முடிஞ்சிரும்." அவர் சொன்னது உண்மை. இருவரும் இந்து என்றால் எந்த அறிவிப்பும் வேண்டாம், எந்தக் காத்திருப்பும் வேண்டாம். மதத்தை விடாமல் கல்யாணம் செய்ய விரும்புகிறவர்களுக்குத்தான் பலகை. மதம் மாறித் திருமணம் செய்வதைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உங்களிடம் ஏன் வருகிறேன் என்றால், இந்த மன்றம் ஏற்கெனவே இதைப் போல ஒன்றைச் செய்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. 1967-இல் முதலமைச்சர் அண்ணாவின் அரசு இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 1968 ஜனவரியில் அது நடப்புக்கு வந்தது. உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினாலோ தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் வேண்டாம். அதற்கு முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லும் என்றாக்கினார்கள். இந்தத் திருமணத்தை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்துத் திருமணச் சட்டமும் ஒன்றிய அரசின் சட்டம்தான். திருமணம், ஒன்றிய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருப்பதால்தான் அன்று அது முடிந்தது. அதே வழி 1954-ஆம் வருடச் சட்டத்துக்கும் திறந்தே இருக்கிறது.

ஏற்கெனவே மனைவி இருப்பவன் ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதே ஆள் 7ஏ-யின்படி கல்யாணம் செய்தால் எந்தப் பலகை அவனைத் தடுக்கிறது? சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மணமக்கள் அலுவலர் முன் உறுதிமொழியில் கையெழுத்துப் போடுகிறார்கள். அது பொய் என்றால் தண்டனை, இருதார மணத்துக்குத் தனித் தண்டனை, அந்தத் திருமணமும் செல்லாது. இது போதாதா? 2021 ஜனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம், அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பது மணமக்களின் விருப்பம் என்றே தீர்ப்புச் சொன்னது. உத்தரப் பிரதேசத்துக்குக் கிடைத்தது நமக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

கேட்பது இதுதான். அறிவிப்பை ஒட்டுவதையும் சொந்த மாவட்டத்துக்கு நகல் அனுப்புவதையும் தமிழ்நாட்டு அளவில் நீக்கித் திருத்தம் கொண்டுவாருங்கள். 30 நாள் காத்திருப்பையும் எடுத்துவிட்டால் நல்லது. அதற்கு விவாதம் வேண்டுமென்றால் நடத்துங்கள், ஆனால் பலகை காத்திருக்கக்கூடாது. அதுவரைக்கும், சட்டம் கேட்காத பெற்றோர் கையெழுத்தைக் கேட்கக்கூடாது என்று ஒரு சுற்றறிக்கையாவது அனுப்பச் சொல்லுங்கள். அதற்குத் திருத்தம்கூடத் தேவையில்லை.

என் நண்பர்களின் கல்யாணம் நடந்து முடிந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோதும் அந்தத் தாள் பலகையில்தான் இருந்தது, வீட்டு எண் வரைக்கும் தெளிவாக. கழற்றிவிடலாமா என்று ஊழியரிடம் கேட்டேன். "அதுவா கிழிஞ்சு போயிடும் சார்," என்றார்.

இப்படிக்கு,
மூன்றாவது சாட்சி