பங்க்ல பெட்ரோல் கொட்டுனா தண்ணி ஊத்தி கழுவாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் டேங்கர் லாரி ஓட்டி ரிட்டயர் ஆனவன். பெட்ரோல் பங்க்ல எண்ணெய் கொட்டிட்டா நம்ம ஊர்ல செய்யுற காரியம் இருக்கே அது ரொம்ப ஆபத்து, அதைப் பத்திதான் இந்த லெட்டர்.

சமீபத்துல பைபாஸ் ரோட்டுல ஒரு பங்க்ல பாத்தேன், டேங்க் நிறைஞ்சா தானா நிக்க வேண்டிய நாசில் (பெட்ரோல் அடிக்குற குழாய் முனை) நிக்காம ஒரு கார் டேங்க் நிறைஞ்சு வழிஞ்சு டயருக்கு கீழ பெட்ரோல் தேங்கி நிக்குது, நாசில் புடிச்ச பையன் பதறிப்போய் ரேடியேட்டருக்கு ஊத்த வச்சிருந்த தண்ணிய வாளியோட கொட்டி விளக்கமாத்தால வாய்க்கால் பக்கம் தள்ளிவிடுறான், பின்னாடி நிக்குற பைக்காரங்க சீக்கிரம் விடுப்பான்னு ஹார்ன் அடிக்குறாங்க, கார்காரர் அதே இடத்துல வண்டிய ஸ்டார்ட் பண்ணி எடுத்துட்டுப் போறார். ஒன்னும் ஆகல. ஒன்னும் ஆகலங்கறதாலயே நாளைக்கும் இதையேதான் செய்வாங்க, அதுதான் எனக்கு பயமா இருக்கு.

பெட்ரோல் தண்ணியில கரையாது, மேல மிதக்கும். தண்ணி ஊத்துனா ஒரு இடத்துல கிடந்தது பத்து இடத்துக்குப் பரவும், அவ்வளவுதான். எரியுறது அந்த திரவம் கூட இல்ல, அதுல இருந்து கிளம்புற ஆவி. மைனஸ் 40 டிகிரி குளிர்லயே தீப்புடிக்கிற அளவுக்கு ஆவி விடுற சாமான் அது, நம்ம சித்திரை வெயில்ல கேக்கவே வேணாம். காத்துல 100ல ஒன்னரை பங்கு அந்த ஆவி கலந்தா போதும், ஒரு பொறிக்குப் புடிச்சுக்கும். காத்தை விட மூணு நாலு மடங்கு கனம்ங்கறதால மேல போகாம தரையோட ஊர்ந்து பள்ளம் தேடிப் போகும். பங்க்ல கொட்டுனது வாய்க்கா வழியா நாலு கடை தள்ளி டீக்கடை அடுப்புகிட்ட போய் நிக்கலாம், அங்க பத்திக்கிட்டா தீ வந்த வழியே திரும்பி பங்க்குக்கு வந்துரும்.

2015 ஜூன் 3ஆம் தேதி கானா நாட்டு தலைநகர் அக்ரால இதுதான் நடந்துச்சு. பெரிய மழை, வெள்ளம், மழைக்கு ஒதுங்குன ஜனங்க ஒரு பங்க்ல நிக்குறாங்க, எரிபொருள் வெள்ளத்துல கலந்து மிதந்து பரவி தீப்புடிச்சு 150 பேருக்கு மேல செத்துட்டாங்க. மெக்சிகோல குவாதலஹாரா நகரத்துல 1992 ஏப்ரல்ல குழாய்ல கசிஞ்ச பெட்ரோல் பாதாள சாக்கடைக்குள்ள இறங்கி தெருத் தெருவா வெடிச்சதுல 200 பேருக்கு மேல போயிட்டாங்க. ஐப்பசி கார்த்திகை மழையில நம்ம பங்க் வாசல்ல முழங்கால் தண்ணி நிக்கறப்ப எனக்கு அக்ராதான் ஞாபகம் வரும்.

கொட்டுனா என்ன செய்யணும்? முதல்ல நாசில் விசையில இருந்து கைய எடுத்துட்டு எமர்ஜென்சி ஸ்விட்ச்ச அமுக்கி பம்பு எல்லாத்தையும் நிறுத்தணும். பக்கத்துல இருக்குற எந்த வண்டியும் ஸ்டார்ட் பண்ணக்கூடாது, செல்ஃபும் வேணாம் கிக்கரும் வேணாம், நியூட்ரல்ல போட்டு தள்ளித்தான் வெளிய கொண்டு போகணும். உள்ள வர்ற வண்டிய ரோட்டுலயே மறிக்கணும். அப்புறம் மணல். வாய்க்கா பக்கம் முதல்ல மணல் கொட்டி வழிய அடைச்சுட்டு அதுக்கப்புறம்தான் கொட்டுன இடத்துல போடணும், இந்த வரிசை முக்கியம். ஒருத்தர் தீயணைப்பு சிலிண்டரோட தயாரா நிக்கணும். மணல் போட்டாலும் ஆவி நிக்காது, அதனால அந்த மணல அள்ளி குப்பைத் தொட்டியில போடாம ஆள் புழங்காத திறந்தவெளியில தனியா வைக்கணும். நிறைய கொட்டிடுச்சுன்னா எல்லாரும் வெளிய வந்து தள்ளி நின்னு 101க்கோ 112க்கோ போன் பண்ணுங்க, பங்க்குக்குள்ள நின்னு பண்ணாதீங்க. துணியில பட்டுருந்தா நல்லா தண்ணிய ஊத்தி நனைச்சுட்டு அப்புறம் கழட்டுங்க, காஞ்ச துணிய உருவுறப்ப உரசி வர்ற ஸ்டேட்டிக் கரண்ட் பொறியே போதும். டீசல் அவ்வளவு சீக்கிரம் பத்தாது ஆனா டூவீலர் வழுக்கி விழும், அதுக்கும் மணல்தான்.

டேங்கர் ஓட்டுறவனுக்கு ஆபத்தான சரக்குக்குன்னு 3 நாள் ட்ரெய்னிங் சட்டப்படியே உண்டு, அது இல்லாம லைசென்ஸ்ல எழுத மாட்டாங்க. லோடு இறக்குறப்ப அந்த ஸ்டேட்டிக் கரண்ட் தரைக்கு இறங்க எர்த் வயர் மாட்டாம ஹோஸ் பைப்ப தொடக்கூட விடமாட்டோம். ஆனா நாள் பூரா பெட்ரோல் பக்கத்துலயே நிக்குற பையனுக்கும் பொண்ணுக்கும் பல இடத்துல சேந்த அன்னைக்கே நாசில கையில குடுத்துடுறாங்க. செவப்பு வாளியில மணல் இறுகிக் கெடக்கு, பீடித்துண்டும் குப்பையும்தான் மேல தெரியுது. அந்தப் புள்ளைங்கள திட்டி என்ன பிரயோஜனம், யாரும் சொல்லிக் குடுக்கல.

டீலர்கள் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஷிப்ட் மாறுற நேரத்துல கால் மணி நேரம் ஒதுக்கி ஸ்விட்ச் எங்க இருக்கு, மணல எப்படி போடணும், தீயணைப்பு சிலிண்டரோட சேஃப்டி பின்ன எப்படி உருவணும்னு செஞ்சு காட்ட வைக்கணும். ஆயில் கம்பெனி ஆபீசருங்க இன்ஸ்பெக்‌ஷன் வர்றப்ப பில் புக்க மட்டும் பாக்காம அந்த வாளிக்குள்ள கைய விட்டுப் பாக்கணும். மழை சீசன் ஆரம்பிக்குறதுக்குள்ள தீயணைப்புத் துறை ஒவ்வொரு தாலுகாலயும் பங்க் ஊழியர்களக் கூப்பிட்டு ஒரு ஒத்திகை நடத்துனா நல்லா இருக்கும், எங்கள மாதிரி பழைய டேங்கர் டிரைவருங்களக் கூப்பிட்டா சம்பளம் இல்லாமலே வந்து சொல்லித் தருவோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டேங்கர் லாரி ஓட்டுநர்,
விருதுநகர் மாவட்டம்