மாத்திரை எழுதுங்கள், கூடவே நாலு வார்த்தையும் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

என் அக்கா மகள் பிளஸ் டூ படிக்கிறாள். குறுவை நடவு நேரத்தில் சாப்பாடு இறங்காமல், தூக்கமும் இல்லாமல் திண்ணையிலேயே சுருண்டு கிடந்தவளை டவுனில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். ஐந்து நிமிடம் பேசி ஃப்ளூஆக்செட்டின் எழுதித் தந்தார். அது மனச்சோர்வுக்கான மருந்து என்பதே மருந்துக்கடைத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது.

மாத்திரையே கூடாது என்று நான் சொல்லவில்லை, பல பிள்ளைகளுக்கு அது உதவுகிறது. ஆனால் பலன் தெரியச் சில வாரம் ஆகும், அதற்குள் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம் என்பதால் அமெரிக்காவில் 2004இல் சிறுவர்களுக்கும் 2007இல் 24 வயது வரையுள்ளவர்களுக்கும் சேர்த்து மருந்திலேயே எச்சரிக்கை அச்சிட வைத்தார்கள். பக்கத்திலேயே இருந்து பார்க்க வேண்டிய அந்த நாட்களில்தான் நாங்கள் அவளைத் தனியே விட்டுவிட்டு வயலுக்குப் போனோம், நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

பத்தாம் நாள் குமட்டுகிறது என்றாள், அக்கா மாத்திரையை நிறுத்திவிட்டாள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாதாம், அதையும் யாரும் சொல்லவில்லை.

அப்புறம் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலிமானஸுக்குப் போன் செய்தோம். இலவசம்தான், தமிழிலேயே பேசினார்கள், மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது மருந்தோடு ஆலோசனையும் நடக்கிறது, நேற்று இரண்டாம் முறை சோறு கேட்டாள்.

இந்த மருந்துகளோடு தமிழில் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்க சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

ஒரு சித்தி,
மன்னார்குடி