குடியிருப்போர் நலச் சங்க ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது குறுக்குத் தெருவுக்குத் தார் போட்டாகிவிட்டது. கிழக்குப் பக்கத் தெருக்களுக்கு மனு கொடுத்திருக்கிறோம். குடிநீர் பழையபடி முறை வைத்துத்தான் வருகிறது. பொங்கல் விழா நன்றாக நடந்தது, கோலப் போட்டிக்குப் பரிசு சின்னதாகப் போய்விட்டது என்ற குறை மட்டும் உண்டு. இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தையும் சங்கத்தின் பணத்தையும் அதிகம் இழுத்தது தீ விஷயம். மீதி அறிக்கை அதைப் பற்றித்தான்.

2024 ஏப்ரலில் கோவை மாநகராட்சியின் வெள்ளலூர் குப்பைக் கிடங்கு பற்றி எரிந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மக்கும் குப்பை அடியில் கிடந்து புழுங்கும்போது மீத்தேன் உண்டாகிறது. கோடையில் அதற்கு ஒரு பொறி போதும். மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும் என்பதால் நாள்கணக்கில் தண்ணீர் அடிக்க வேண்டியிருந்தது. ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருமிய அந்த நாட்களில் கிடங்கைத் திட்டாத வீடு நம் நகரில் கிடையாது. அதே வாரத்தில் நம் தெருமுனைகளிலும் சருகையும் பிளாஸ்டிக் கவரையும் கூட்டிக் குவித்துக் கொளுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். கேட்டால் கொசுவுக்காம். திடக்கழிவு மேலாண்மை விதிகள் திறந்தவெளியில் குப்பை எரிப்பதைத் தடை செய்கின்றன. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் விதியைக் காட்டிப் பேசுவது சங்கடம் என்று உறுப்பினர்கள் சொன்னதால், அந்த வேலையைச் சங்கமே ஏற்றுக்கொண்டு வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுத்தோம். பாதிக்குப் பாதி குறைந்திருக்கிறது என்பது என் கணிப்பு.

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அது கடைப்பிடிக்கப்படுகிறது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தினரை அழைத்து நம் பூங்காவில் செயல்விளக்கம் நடத்தினோம். பொதுக்குழுவுக்குக் கூடாத கூட்டம் அதற்குக் கூடியது. சிலிண்டர் வாயில் எரிந்த நெருப்பை ஈரச் சாக்கால் மூடி அணைத்துக் காட்டினார்கள். வடைச்சட்டி எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று பெண்கள் கேட்டார்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது. கொதிக்கும் எண்ணெயில் விழுந்த தண்ணீர் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி அடிக்கும். அடுப்பை அணைத்து, தட்டம் போட்டு மூடி, சட்டியை நகர்த்தாமல் அப்படியே ஆற விட வேண்டும். கை சுட்டுக்கொண்டால் பற்பசையும் மாவும் பூசாமல், 20 நிமிடம் ஓடும் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும்.

சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு படரும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, 1906 எண்ணுக்குச் சொல்லுங்கள். விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் ஸ்விட்சில் பொறி வரும். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்றும் அதையடுத்து ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்று கணக்கு. சிலிண்டரை மறுசோதனைக்கு அனுப்ப வேண்டிய காலம் அது. தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம். ரப்பர் ட்யூபை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய்ப் பார்த்தவர்களில் சிலர், எப்போது மாற்றினோம் என்றே தெரியவில்லை என்று போன் செய்தார்கள்.

கத்திரி வெயிலில், மே மாதம், இரண்டாவது தெருவில் ஒரு வீட்டில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் உருகிப் புகை வந்தது. ஏசியை 16 ஆம்பியர் பிளக்கில் நேராகக் கொடுக்காமல் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகி, அதிலேயே ஃப்ரிட்ஜையும் போட்டிருக்கிறார்கள். வீட்டில் இருந்த பாட்டி நாற்றத்தை உணர்ந்து மெயினை இறக்கியதால் திரைச்சீலையோடு போயிற்று. அதன் பிறகு விருப்பமுள்ள வீடுகளுக்கு எலக்ட்ரீஷியனை அனுப்பி மீட்டர் பெட்டி முதல் பார்க்கச் செய்தோம். அடுக்குமாடிகளில் மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டியை ஒட்டியே பழைய பேப்பரும் உடைந்த கட்டிலும் அடுக்கியிருப்பதுதான் அவர் சொன்ன பெரிய குறை. மின்சார ஸ்கூட்டரையும் அதே இடத்தில் இரவு முழுக்க சார்ஜில் போடுகிறார்கள். தப்பி ஓட இருக்கும் ஒரே வழி அதுதான். இந்தச் சாமான்கள் மட்டும் இன்னும் அசையவில்லை, யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை.

இனி, இந்தப் பிப்ரவரியில் நடந்தது. நான்காவது தெருக் கடைசியில் உள்ள காலி மனைகளில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது. தை முடிவதற்குள் எல்லாம் சருகு. யாரோ ஓரத்தில் கொளுத்திய குப்பை மதியக் காற்றில் புல்லுக்குத் தாவி, அங்கிருந்து பக்கத்து மாட்டுக் கொட்டகையின் தென்னங்கீற்றில் ஏறியது. பசங்க மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டார்கள். ஆளுக்குச் சேதமில்லை. கொட்டகையும் அதனருகே நின்ற ஒரு மொபட்டும் போயின. 101க்குச் சொன்னதும் வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் தெருவின் இரு பக்கமும் கார்கள் நின்றதால் முனையிலேயே நின்றுபோனது. வீரர்கள் ஹோஸை இழுத்துக்கொண்டு ஓடினார்கள். காருக்குச் சொந்தக்காரர்களைத் தேடி நாம் ஓடினோம்.

வெயில் ஏறிய பிறகு விழிப்புணர்வுக் கூட்டம் போடுவது தாமதம் என்பதை இது காட்டிவிட்டது. சித்திரைக்கான வேலை மார்கழியில் தொடங்க வேண்டும். ஆகவே இனி மனைகளில் மார்கழிக் கடைசியிலேயே புல் வெட்டுவதென்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வெட்டிய புல்லை அங்கேயே குவித்து வைத்தால் பயனில்லை, அன்றன்றே அகற்ற வேண்டும். மிஷின் பிளேடு கல்லில் பட்டால் பொறி வரும் என்பதால் காலையிலேயே வெட்டி முடிக்க வேண்டும். மனைச் சொந்தக்காரர்கள் பலர் வெளியூரில், சிலர் வெளிநாட்டில். செலவைச் சங்கம் முதலில் செய்து அவர்களிடம் வசூலிக்கும். தெருவுக்கு ஒரு தீயணைப்புக் கருவி வாங்கி மாட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. வெயிலில் தொங்கும் கருவியின் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால் நான் அதை ஆதரிக்கவில்லை. அடுக்குமாடிகள் தங்கள் படிக்கட்டில், விறகு, எண்ணெய், கேஸ் என மூன்று வகைத் தீக்கும் உதவும் ஏபிசி பவுடர் கருவி வைத்துப் பராமரிப்பதே சரி.

வெள்ளியங்கிரி மலை ஏறப் பிப்ரவரி முதல் மே வரை அனுமதி இருப்பதால் நம் இளைஞர்கள் கூட்டமாகப் போகிறார்கள். காடு காய்ந்து கிடக்கும் மாதங்களும் அவையேதான். 2023 ஏப்ரலில் ஆலாந்துறைப் பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலையில் பிடித்த தீயை அணைக்க, சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்து மலம்புழா அணைத் தண்ணீரை அள்ளி ஊற்ற வேண்டியிருந்தது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் தீயில் சிக்கி உயிரிழந்தார்கள். பீடி, சிகரெட், லைட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அனுமதி இல்லாத பாதையில் இறங்கவும் வேண்டாம்.

இன்று முடிவெடுக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, தெருவில் ஒரு பக்கம் மட்டுமே வண்டி நிறுத்துவது. எந்தப் பக்கம் என்பதில்தான் சண்டை வரும், அதைத் தெருவாரியாகவே பேசி முடித்துக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் கருத்து. இரண்டு, புல் வெட்டும் செலவுக்காக ஆண்டுச் சந்தாவை உயர்த்துவது. எவ்வளவு என்பதைப் பொருளாளர் கணக்கு வாசித்த பிறகு நீங்களே சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்