பசி கொடுத்த குணங்கள்

அன்பு மகள் நித்யாவுக்கு,

"இது நோயெல்லாம் இல்லை அம்மா, என் சுபாவமே இப்படித்தான்" என்று, நீ சரியாகச் சாப்பிடாமல் இருப்பதைப் பற்றி நான் கேட்டபோது, போன வாரம் சொன்னாய். போனில் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதில் பாதி சரி. ஐந்தாம் வகுப்பில் நோட்டுக்கு அட்டை போடும்போது ஒரு மடிப்பு கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி போடுவாய். லேபிள் ஒரு நூல் சாய்ந்தால் பிய்த்துவிடுவாய். அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய், வந்தவர்களில் பலர் சிறுவயதிலேயே இப்படித்தான் இருந்திருக்கிறார்கள்: பிழை பொறுக்காதவர்கள், எதையும் முன்கூட்டியே கணக்குப் போடுபவர்கள், யாரும் நம்மைக் குறை சொல்லிவிடக் கூடாதே என்று அஞ்சுபவர்கள். அளவு மீறித் தின்றுவிட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்டும் புலிமியா என்ற நோய் உள்ளவர்களில் சிலருக்கு நேர்மாறாக, நினைத்ததை உடனே செய்துவிடும் அவசரம் இருக்கும். ஆனால் உன் பெரியப்பாவும் உன்னைப் போலவேதான். கணக்கில் பத்துப் பைசா இடித்தால் தூங்க மாட்டார். சாப்பாட்டில் மட்டும் குறை வைத்ததில்லை. அந்தக் குணத்தை நான் நோய் என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மீதிப் பாதிதான் என்னைக் கலங்க வைக்கிறது. தீபாவளிக்கு வந்தபோது ஒரே இட்லியைக் கடுகளவாகப் பிய்த்துப் பிய்த்து, அது காய்ந்து போகும்வரை தட்டின் முன் உட்கார்ந்திருந்தாய். எங்களுக்கெல்லாம் அடை வார்த்துப் போட்டுவிட்டு வெறும் காபியோடு நின்றாய். நள்ளிரவிலும் சமையல் வீடியோ. ஃபேனை நிறுத்தியும் குளிர்கிறது என்றாய். தங்கை ஏதோ கேட்டதற்கு எரிந்து விழுந்தாய். இதெல்லாம் உன் சுபாவமா?

அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பொறுக்கியவர்கள். ஆறு மாதம் ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் என்று அரை வயிற்றுச் சாப்பாடு. எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. அவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருந்ததை மணிக்கணக்கில் அளைந்து தின்றார்கள். எப்போதும் குளிர், எதற்கும் எரிச்சல், கூட்டம் என்றால் ஒதுக்கம். அவர்களில் ஒருவரும் ஒல்லியாக ஆசைப்பட்டவர் இல்லை, நித்யா. எல்லாம் பசி செய்த வேலை. வயிறார உண்ணத் தொடங்கிய பிறகும் மனம் பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆயிற்று.

அதனால்தான் மனது சரியானதும் சாப்பிடுகிறேன் என்று நீ சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. சாப்பாடு முதலில் உள்ளே போக வேண்டும். மனது அதன் பின்னால்தான் வரும். எடை ஏறினால் உன் கட்டுப்பாடு போய்விடும் என்று பயப்படுகிறாய். போகாது. அது உன்னுடன் பிறந்தது. அந்தப் பிடிவாதத்தை உணவு ஆலோசகர் எழுதிக் கொடுத்த அட்டவணையில் காட்டு. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிற்றுண்டி, ஒன்றைக்கூடத் தள்ளிப்போடாதே. அளவை நீயாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென்று அதிகம் உண்பதும் ஆபத்து.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போகும்போது நாடித்துடிப்பு, ரத்தத்தில் உள்ள பொட்டாசியம் உப்பின் அளவு, மாதவிலக்கு நின்றுபோனது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல். இனி தினமும் மதியம் ஒரு மணிக்கு வீடியோவில் கூப்பிடுகிறேன். உன் தட்டை வைத்துக்கொண்டு உட்கார். நானும் என் தட்டோடு உட்காருகிறேன். எடையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அன்புடன்,
அம்மா